உள்ளே எழுதியிருக்கும் பெயர்

தென்பாண்டி நாட்டு அன்பர் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு மடல் வந்தது. ஐம்பது அகவை கடந்தவர். பெற்றோர் இட்ட வடமொழிப் பெயரைத் துறந்து, அரசிதழில் முறைப்படி அறிவித்துத் தூய தமிழ்ப்பெயர் பூண்டவர். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு, வீட்டுவரி என ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி, ஓராண்டுக் காலம் அலைந்து, எல்லா ஏடுகளிலும் தம் பெயரை மாற்றிவிட்டார். எஞ்சியது வீட்டிலிருந்த கணினி ஒன்றுதான். அதிலும் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பெயரை மாற்றினார். கணினியை இயக்கியவுடன் திரையில் புதுப்பெயர் ஒளிவிட்டது, மகிழ்ந்தார். மறுநாள் ஒரு கட்டுரையை எழுதிச் சேமிக்கப் போனபொழுது, கோப்பின் முகவரியில் அந்தப் பழைய பெயர் அப்படியே நின்றுகொண்டிருந்தது. "அரசே மாற்றிவிட்டது, ஐயா, இந்தப் பெட்டி மாற்ற மறுக்கின்றது" என்று எழுதியிருக்கின்றார்.

இதற்கும் ஒரு தலையங்கமா என்று நகைப்பார் இருக்கலாம். நாட்டில் ஆயிரம் சிக்கல்கள் இருக்க, கணினிக்குள் கிடக்கும் ஒரு கோப்புறைக்கு என்ன பெயர் இருந்தால் என்ன என்று கேட்பார்க்கு நாம் ஒன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். 1916-ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகளார், வேதாசலம் என்னும் தம் பெயரை மாற்றியதோடு நின்றாரல்லர். தாம் நடத்திய 'ஞானசாகரம்' இதழை 'அறிவுக்கடல்' ஆக்கினார். 'சமரச சன்மார்க்க நிலையம்' 'பொதுநிலைக் கழகம்' ஆயிற்று. முகப்புப் பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு, உள்ளே பழைய ஏட்டையே புரட்டிக்கொண்டிருக்க அவர்க்கு மனம் ஒப்பவில்லை. அவர்க்கு முன்னே பரிதிமாற் கலைஞர், சூரியநாராயணன் என்னும் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டதும் பெருஞ்செயலே. ஆயினும் அதனை அவர் தம் தனிப்பாசுரத் தொகைக்குப் புனைபெயராகவே வைத்துக்கொண்டார். புனைபெயருக்கும் பூண்ட பெயருக்கும் உள்ள வேறுபாடே நம் அன்பரின் கணினியிலும் தோன்றியிருக்கின்றது.

இவ் வேறுபாடு எங்ஙனம் நேர்கின்றது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஏனெனின், நம்மவருள் பலர் கணினி தம் பெயரை எங்கிருந்து எடுத்துக்கொண்டது என்பதையே அறியாமல் பல்லாண்டுகளாக அதனோடு உழைத்துவருகின்றனர்.

விண்டோசு இயங்குதளத்தில் ஒவ்வொரு பயனருக்கும் தனிக்கோப்புறை ஒன்று உண்டு. 'சி' என்னும் வட்டில் 'யூசர்சு' என்ற பெரிய கோப்புறைக்குள் அஃது இருக்கும். நம் ஆவணங்கள், படங்கள், இறக்கிய கோப்புகள், ஒவ்வொரு செய்நிரலும் நமக்காக எழுதிவைத்துக்கொள்ளும் அமைப்புகள் அனைத்தும் அதனுள்ளேதான். அதற்கு என்ன பெயர் என்பது, அக் கணக்கில் முதன்முறை உள்நுழையும் அந்த ஒரு பொழுதில் முடிவாகிவிடுகின்றது. கடைக்காரர் தம் கையால் அமைத்துக் கொடுத்திருந்தால் 'யூசர்' என்றோ 'அட்மின்' என்றோ, கணினியைச் செய்த நிறுமத்தின் பெயராகவோ இருக்கும். எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் எழுதுவதும் வரைவதும் இத்தகைய ஊர்பேர் தெரியாக் கோப்புறைகளுக்குள் கிடக்கின்றன.

2012-இல் வெளிவந்த விண்டோசு 8 தொட்டு இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. மைக்ரோசாப்டு நிறுமத்தின் மின்னஞ்சல் கணக்கைக் கொண்டு கணினியை அமைத்தால், அம் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து, அதனையே கோப்புறைக்குப் பெயராக அது இயல்பாக வைத்துவிடும். நம்மைக் கேட்பதில்லை. தமிழரசி என்றொரு மகள் தன் பெயரிலேயே மின்னஞ்சல் வைத்திருக்கின்றாள் என்று கொள்வோம். ஆங்கில எழுத்தில் தமிழின் சிறப்பு ழகரம் வருமுன்னரே ஐந்தெழுத்தும் முடிந்துவிடும். எஞ்சுவது 'தமி'. நம் மொழியில் தமி என்றால் தனிமை, துணையற்ற நிலை. தமிழும் போய் அரசியும் போய்த் தனிமை மட்டும் மிஞ்சிய அப் பெயரோடு அவள் அக் கணினி பழுதாகும் வரை வாழ வேண்டும். இதனை வேண்டுமென்று செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. எவர் பெயரானாலும் ஐந்தெழுத்தில் அறுக்கும் கத்தி அது. ஆனால் நீண்ட பெயருடைய மக்கள்மேல்தான் அக் கத்தி ஆழமாக இறங்குகின்றது.

சரி, பிறகு மாற்றிக்கொள்ளலாமே எனின், அங்குதான் நம் அன்பர் முட்டிக்கொண்டார். கணினி ஒருவரை மூவகையாகப் பதிந்துவைத்திருக்கின்றது. திரையில் தோன்றும் பெயர் ஒன்று. கோப்புறையின் பெயர் இன்னொன்று. 'எசு-1-5-21' என்று தொடங்கி 1001 என்பது போன்ற எண்ணில் முடியும் நீண்ட அடையாள எண் மற்றொன்று. இம்மூன்றனுள் கணினி உண்மையாக மதிப்பது அவ் வெண்ணை மட்டுமே. கட்டளைச் சாளரத்தில் 'ஊ ஆம் ஐ' என்றொரு கட்டளை உண்டு. 'நான் யார்' என்பது அதன் பொருள். நம் சித்தர்கள் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வி! அதனோடு சாய்கோட்டையும் 'யூசர்' என்பதையும் சேர்த்துத் தட்டினால், கணினி விடையாகத் தருவது பயனர் பெயரையும் அந் நெடிய எண்ணையும்.

அமைப்புப் பக்கத்தில் நாம் மாற்றுவது திரைப்பெயர் மட்டுமே. கோப்புறை எங்கே இருக்கின்றது என்பதை விண்டோசு தன் உட்பதிவேட்டில் அவ் வெண்ணுக்கு நேரே தனியாக எழுதிவைத்திருக்கின்றது. திரைப்பெயர் நூறு முறை மாறினாலும் அவ் வரி மாறாது. நாம் நிறுவிய செய்நிரல்களும் பழைய முகவரியையே தத்தம் குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டுவிட்டன. கோப்புறையின் பெயரைத் தானே மாற்றினால் அவையெல்லாம் வழி தெரியாமல் தடுமாறும் என்பதனால் விண்டோசு அதனைத் தொடுவதில்லை. இதில் ஓரளவு ஞாயம் இருக்கின்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டுக்கே இக்கதை நேர்ந்ததன்றோ? தமிழ்நாடு என்னும் பெயருக்காகச் சங்கரலிங்கனார் 1956-இல் எழுபத்தாறு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்தார். 1967 சூலை 18-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 1969 சனவரி 14 முதல் நாட்டின் பெயர் மாறியது. 1996-இல் தலைநகரின் பெயரும் ஆங்கிலத்தில் சென்னை ஆயிற்று. ஆயினும் உயர்நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரில் இன்றும் மெட்ராசு. பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயரிலும் மெட்ராசு. திரைப்பெயர் மாறியது, கோப்புறை மாறவில்லை. அங்கும், பழைய பெயரில் எழுதிய சட்டங்களும் ஆவணங்களும் குழம்பும் என்னும் அதே ஞாயம்தான் சொல்லப்பட்டது. குழம்பாமல் மாற்றுவதற்கு வழி உண்டு என்பது ஈரிடத்தும் உண்மை. அதற்கு உழைப்பார் வேண்டும் என்பதும் உண்மை.

கணினியில் அவ் வழியைச் சொல்லிவிடுகின்றோம். அதற்கு முன்னர் ஓர் எச்சரிக்கை. 'நமக்கென்ன, கோப்புறையின்மேல் சொடுக்கிப் பெயரை மாற்றிவிடுவோம்' என்று ஆர்வத்தால் இறங்கிவிடாதீர்கள். உள்ளே நுழைந்திருக்கும்பொழுது விண்டோசு அதற்கு இசையாது. வேறு கணக்கின் வழியாக வந்து கோப்புறைப் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பதிவேட்டை மாற்ற மறந்தால், அடுத்த முறை நுழையும்பொழுது விண்டோசு பழைய முகவரியில் தேடும், காணாது, வெறுமையான இடைக்காலக் கோப்புறை ஒன்றைக் கொடுத்து உட்காரவைக்கும். முகப்பு வெறிச்சோடிக் கிடக்கும். அந்நிலையில் ஒருவர் அறியாமல் நாள் முழுதும் எழுதி அவ்விடைக்காலக் கோப்புறையிலேயே சேமித்தால், வெளியேறும்பொழுது அவ்வளவும் அழிந்துபோகும். நம் அச்சகத்து இளைஞர் ஒருவர் இங்ஙனம் ஒரு சிறுநூலின் மெய்ப்புத் திருத்தம் முழுவதையும் இழந்தார். அது நம் நூல்தான். ஆகலின் இதனைப் பட்டறிந்தே எழுதுகின்றோம்.

முறையான வழி இது. முதற்கண், கோப்புறை முழுவதையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து வைத்துக்கொள்க. இதனைச் செய்யாமல் அடுத்த வரியைப் படிக்கவே வேண்டா. பின்னர், கணினியில் முழு ஆளுமையுடைய வேறொரு கணக்கை உருவாக்குக. கணினியை அணைத்துவைக்காமல் மறுதொடக்கம் செய்து, அப் புதுக்கணக்கின் வழியாக நுழைக. வெறுமனே வெளியேறி நுழைந்தால் பழைய கணக்கின் கோப்புகள் சில பிடிபட்டே இருக்கும். அதனாலேயே மறுதொடக்கம் வேண்டும். இப்பொழுது 'யூசர்சு' கோப்புறைக்குள் சென்று உங்கள் கோப்புறையின் பெயரை மாற்றலாம்.

அடுத்தது பதிவேடு. 'ரெசெடிட்' என்னும் கருவியைத் திறந்து, 'எச்கீ லோக்கல் மெசின்' என்பதனுள் 'சாப்ட்வேர்', 'மைக்ரோசாப்ட்', 'விண்டோசு என்டி', 'கரண்ட் வெர்சன்', 'புரொபைல் லிசுட்' என ஒன்றனுள் ஒன்றாக இறங்க வேண்டும். அங்கே முற்சொன்ன எண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால், 'புரொபைல் இமேசு பாத்' என்னும் வரியில் பழைய முகவரி எழுதியிருக்கும் எண் உங்களுடையது. அவ் வரியில் புதுப்பெயரை எழுதுக. ஓரெழுத்துப் பிழையும் ஆகாது. கோப்புறையில் என்ன எழுதினீர்களோ அதுவே இங்கும் இருக்க வேண்டும். ஒரே எண் இருமுறை, ஒன்று 'பேக்' என்னும் வால் சேர்ந்து தோன்றுமாயின், முன்னரே ஒருமுறை நுழைவு தவறியிருக்கின்றது என்று பொருள். அந்நிலையில் அறிந்தவரை அருகில் வைத்துக்கொள்வது நன்று. எல்லாம் முடிந்தபின் மீண்டும் தொடங்கி உங்கள் பழைய கணக்கில் நுழைந்து பாருங்கள். இணையக் கிடங்கில் கோப்புகளை ஒத்திசைக்கும் செய்நிரல் இருந்தால், அதன் தொடர்பை அறுத்துப் புதிதாக இணைக்க வேண்டிவரும். முகப்பில் உள்ள குறுக்குவழிகள் சிலவும் செத்துப்போயிருக்கும்.

பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு அழும் செய்நிரல்களுக்காக, 'எம்கே லிங்க்' என்னும் கட்டளையால் பழைய பெயரில் ஒரு வெற்று இணைப்பை உண்டாக்கி, அதனைப் புதுக்கோப்புறைக்குத் திருப்பிவிடும் முறையும் உண்டு. பழைய வீட்டு முகவரிக்கு வரும் மடலை அஞ்சலகம் புதுவீட்டிற்குத் திருப்பிவிடுவதைப் போன்றது அது. விண்டோசை ஆக்கியவர்கள் பரிந்துரைப்பதோ இவையனைத்தையும் விட எளியது: விரும்பிய பெயரில் புதுக்கணக்கைத் தொடங்கி, கோப்புகளை அதனுள் படியெடுத்துக்கொண்டு, பழைய கணக்கை நீக்கிவிடுவது. பதிவேட்டைத் தொட அஞ்சுவார்க்கு நாமும் அதனையே சொல்வோம். செய்நிரல்களின் அமைப்புகளை மீண்டும் ஒருமுறை அமைக்க வேண்டும் என்பது ஒன்றே அதிலுள்ள தொல்லை.

இனித்தான் உண்மையான வினா. கோப்புறைக்குத் தமிழ்ப்பெயர் என்றால், அதனை எவ்வெழுத்தில் எழுதுவது? தமிழ்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு அமைவதா, தமிழெழுத்திலேயே எழுதுவதா?

'தமிழில் எழுதினால் கணினி கெட்டுவிடும்' என்று கடைகளில் சொல்கின்றார்கள். இஃது அரைப்பொய். விண்டோசின் கோப்பு முறைமை ஒருங்குறியில்தான் பெயர்களை வைத்திருக்கின்றது. 1991-இல் வந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டின் விண்டோசு தமிழ் எழுத்துருவோடேயே வந்தது. தமிழ்ப்பெயரில் கோப்புறை வைப்பதில் இயங்குதளத்திற்கு யாதொரு தடையும் இல்லை. கெடுவது வேறிடத்தில். ஒருங்குறிக்கு முற்பட்ட பழைய முறையில் எழுதிய செய்நிரல்கள் இன்னும் ஏராளம். அவை 256 எழுத்துகள் மட்டுமே கொள்ளும் குறிப்பக்கம் ஒன்றைக் கொண்டு பெயர்களைப் படிக்கின்றன. உருசியர்க்கும் கிரேக்கர்க்கும் அரபியர்க்கும் எபிரேயர்க்கும் தாய்லாந்தினர்க்கும் விண்டோசில் அத்தகைய குறிப்பக்கங்கள் தனித்தனியே உண்டு. தமிழுக்கு இல்லை. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ்இணைய மாநாடு தமிழ் 99 விசைப்பலகையோடு 'டேப்', 'டேம்' என்னும் எட்டுத்துண்மிக் குறிமுறைகளை வகுத்தது. அவையும் விண்டோசின் குறிப்பக்க வரிசையில் ஏறவில்லை. ஒருங்குறி ஒன்றே தமிழுக்குப் போதும் என்று விடப்பட்டது. எல்லாச் செய்நிரல்களும் ஒருங்குறிக்கு மாறியிருந்தால் அது போதுமாகத்தான் இருந்திருக்கும்.

மாறாத செய்நிரல் என்ன செய்கின்றது? தமிழரசி என்னும் பெயரைப் படிக்க முயல்கின்றது. ஒவ்வோர் எழுத்தும் அதன் பட்டியலில் இல்லை. இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை இடுகின்றது. தமிழரசி என்பது ஏழு கேள்விக்குறிகள் ஆகின்றது. ஏனெனின் மி, சி என்பவற்றின் கொக்கிகளைக் கணினி தனித்தனியே எண்ணும். இதில் கொடுமை என்னவெனில், கோப்புறைப் பெயரில் வரக்கூடாதென்று விண்டோசு விலக்கிவைத்திருக்கும் ஒன்பது குறிகளுள் கேள்விக்குறியும் ஒன்று. அதாவது, அந்தச் செய்நிரல் நம் பெயரைக் கேள்விக்குறியாக்கி, அப்படியொரு பெயர் இருக்கவே முடியாது என்னும் நிலையை அடைந்து, கோப்புறையே இல்லை என்று சொல்லி நின்றுவிடுகின்றது. நம் பெயர் உள்ளவாறே அங்கே எழுதியிருக்கின்றது. படிக்கத் தெரியாதது அச் செய்நிரல். பழியோ தமிழெழுத்தின்மேல்!

2018 முதல் விண்டோசு அமைப்பில், பழைய செய்நிரல்களையும் 'யூ.டி.எப்.-8' என்னும் ஒருங்குறி வடிவில் படிக்கவைக்கும் தேர்வு ஒன்று சேர்க்கப்பட்டது. வெள்ளோட்டம் என்னும் குறிப்போடு. வட்டார அமைப்புப் பகுதியில் அது கிடக்கும். அதனை இயக்கினால் சில செய்நிரல்கள் சரியாகின்றன. சில புதிதாகக் கோணுகின்றன. இலினக்சு இயங்குதளத்தில் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. கோப்புறைப் பெயரைப் பயனர் கணக்கோடு சேர்த்து மாற்றுவதற்கும் அங்கே ஒரே கட்டளை போதும். ஆயினும் நுழைவுப்பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வைக்கும் வழக்கம் அங்கும் அசையாமல் இருக்கின்றது.

தமிழர்க்கு மட்டுமே இது நேர்ந்ததென்று கருத வேண்டா. செருமானியர் கணினிகளில் எக்சுப்பி காலம் வரை பயனர் கோப்புறைகளைத் தாங்கிய தாய்க்கோப்புறைக்கு உண்மையிலேயே செருமானியப் பெயர் இருந்தது. 2007-இல் விசுட்டா வந்தபின், 'பெனுட்சர்' என்று அவர்கள் மொழியில் திரையில் காட்டப்படுவது உள்ளே 'யூசர்சு' தான். ஆவணங்களுக்கும் படங்களுக்கும் உரிய கோப்புறைகளும் அவ்வாறே. எம்மொழிப் பெயரைக் காட்டினாலும் அடியில் ஆங்கிலமே கிடக்கின்றது. செய்நிரல் எழுதுவார்க்கு அது எளிது. செல்வமும் தொழிலும் வல்லமையும் உடைய செருமானியரே இருந்த பெயரைத் திரைப்பெயராகத் தாழ்த்திக்கொண்டு அமைந்துவிட்டனர் என்பதைப் பார்க்கும்பொழுது, நம் கையில் விடப்பட்டிருக்கும் ஒரே கோப்புறை அதனுள் இருக்கும் நம் பெயர்க் கோப்புறைதான் என்பது விளங்கும். அதனையாவது நாம் நினைத்த பெயரால் வைத்துக்கொள்ளலாம்.

ஆகலின் நம் கருத்து இது. அலுவலகக் கணினியில் பிறர் தந்த செய்நிரல்களோடு கட்டுண்டு உழைப்பவர், முழுத் தமிழ்ப்பெயரையும் ஆங்கில எழுத்திலேனும் அறுபடாமல் வைத்துக்கொள்க. அது தோல்வியன்று, வாயில்தான். வீட்டுக் கணினியில் தமிழெழுத்தே இருக்க வேண்டும். உடனே மாற்றாமல், முதலில் தமிழ்ப்பெயரிலேயே ஓர் உள்ளகக் கணக்கைத் தொடங்குங்கள். அதன் கோப்புறை பிறக்கும்பொழுதே தமிழெழுத்தில் பிறக்கும். ஒரு திங்கள் அதில் உங்கள் செய்நிரல்களை எல்லாம் ஓட்டிப் பாருங்கள். எது ஓடுகின்றது, எது கேள்விக்குறியைக் காட்டுகின்றது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓடாததன் பெயர், பதிப்பெண், அது காட்டிய பிழைச்செய்தி ஆகியவற்றை ஆக்கியவர்க்கு எழுதுங்கள். பத்துப்பேர் எழுதினால் பொருட்படுத்தமாட்டார்கள். ஈராயிரம் பேர் எழுதினால் பொருட்படுத்துவார்கள். புதுக்கணினி வாங்குவார் கடைக்காரரை அமைக்க விடாமல், முதன்முறை பெயர் கேட்கும் அத்திரையில் தாமே அமர்ந்து எழுதுக. பிள்ளைகளுக்கு வாங்கும் கணினியாயின், அப்பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.

மடல் எழுதிய அன்பருக்கு மேற்கண்ட முறையை எழுதியனுப்பினோம். பழைய பெயரில் இணைப்பொன்று வைத்துக்கொள்ளுங்கள், தொல்லை குறையும் என்றும் சொல்லியிருந்தோம். அதற்கு மட்டும் அவர் இசையவில்லை. "துறந்த பெயரை வாயிற்காவலாக வைப்பதா?" என்று கேட்டுவிட்டு, முரண்டுபிடித்த இரண்டு செய்நிரல்களை நீக்கிப் புதிதாக நிறுவிக்கொண்டார். இப்பொழுது அவர் கோப்புறை தமிழெழுத்தில் இருக்கின்றது. வரவுசெலவு எழுதும் செய்நிரல் ஒன்று மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஒன்பது கேள்விக்குறிகளைக் காட்டி நிற்கின்றதாம். அதனை ஆக்கியவர்களுக்குத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு மடல் எழுதியிருக்கின்றார். விடை வரும் வரை கணக்கைக் குறிப்பேட்டில் கையால் எழுதிவருகின்றார்.